கூவும் குரலும் கூவாத கருவியும்

பங்குத் திருவிழாவின் மறுநாள் மாலையிலோ, கிறிஸ்து பிறப்புக் காலத்து அன்பியக் கூட்டங்களின் முடிவிலோ நம் மக்கள் 'ஹவுசி' ஆடுவதைக் கண்டிராத வாசகர் அரியர். தம்போலா என்றும் இதற்குப் பெயருண்டு. மேலை நாட்டார் பிங்கோ என்பர். குலுக்கியெடுத்த எண்களை ஒருவர் உரக்கக் கூற, மற்றவர்கள் தத்தம் சீட்டில் அவ்வெண் இருப்பின் அடித்துக்கொண்டே வருவதும், வரிசை நிறைந்தவர் எழுந்து குரல் கொடுப்பதும் தவிர இவ்விளையாட்டில் வேறு நுட்பம் ஏதும் இல்லை. எழுத்தறியாதவரும் எண்ணறிந்தால் ஆடலாம். இத்துணை எளியதொன்றைத் திறனாய்வுக்குப் பொருளாக்குவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். மக்கள் கூடிச் செய்கின்ற எதுவும் ஆராயத் தகாததன்று என்பது நம் எண்ணம். மேலும், இவ்விளையாட்டின் வரலாற்றில் நம் திருச்சபையின் கை பல இடங்களில் பட்டிருக்கிறது. அக்கைகளுள் நம்முடையதும் ஒன்று.

2025ஆம் ஆண்டு மழைக்காலத்தில் நம் பங்கு மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கிற்று. நிதி திரட்டும் வழிகளைப் பங்குப் பேரவையில் பேசிக்கொண்டிருந்தபோது, கணினித் துறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எழுந்தார். "ஃபாதர், ஹவுசியைச் செயலி வழியாக நடத்தினால் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்ம பங்கு மக்களும் சீட்டு வாங்குவாங்க. சீட்டு அச்சடிக்க வேண்டாம், மண்டபம் வேண்டாம், நம்பர் கூப்பிட ஆளும் வேண்டாம்" என்றார். பேரவையினர் பலர் தலையசைத்தனர். அவர் அடுக்கிய 'வேண்டாம்'கள் மூன்றும் நம் நெஞ்சில் தங்கிவிட்டன. அச்சுச் செலவு போகட்டும். கூடமும் குரலும் இல்லாத பிங்கோ பிங்கோதானா?

தம்போலா என்ற சொல் இத்தாலிய நாட்டிலிருந்து வந்தது. நேப்பிள்ஸ் நகரில் கிறிஸ்து பிறப்புக் காலத்தில் குடும்பத்தார் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் 'தொம்போலா'வே அது. அதன் பிறப்பைப் பற்றி அந்நகரத்தார் சொல்லும் கதையொன்று உண்டு. 1734ஆம் ஆண்டில், அரசு நடத்திய லோட்டோ குலுக்கலை வரி வருவாய்க்காக வளர்க்க விரும்பினார் போர்பன் குல மன்னர் சார்லஸ். அது மக்களின் பணத்தையும் செபத்தையும் ஒருங்கே கெடுக்கிறது என்று எதிர்த்தார் கிரகோரியோ மரியா ரோக்கோ என்னும் தொமினிக்கன் சபைத் துறவி. இருவர்க்கும் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கிறிஸ்து பிறப்பு வாரத்தில் மட்டும் குலுக்கல் நிறுத்தப்பட்டது. மக்களோ அவ்வாரத்தில் சும்மா இருக்கவில்லை. தொண்ணூறு எண்களையும் ஒரு கூடையிலிட்டு வீட்டுக்குள்ளேயே குலுக்கத் தொடங்கினர். துறவி தடுத்த சூது அடுப்படிக்குள் புகுந்து விளையாட்டாயிற்று என்று இக்கதையைச் சிரிப்போடு சொல்வர். மெய்யாகவே இப்படித்தான் நிகழ்ந்ததோ, அல்லவோ, கதை உணர்த்தும் மாற்றம் கவனிக்கத் தக்கது. அரசனின் குலுக்கலில் ஏழை தனியனாய் நின்றான். கூடைக் குலுக்கலில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே அமர்ந்தனர். வென்ற காசு அதே வீட்டைவிட்டு வெளியே போகவில்லை.

அந்நகரத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பொருள் உண்டு. கனவுகளை எண்களாக்கும் பழைய வழக்கிலிருந்து வந்தவை அப்பொருள்கள். 25 கிறிஸ்து பிறப்பு, 33 கிறிஸ்துவின் வயது, 13 புனித அந்தோனியார், 48 பேசுகின்ற பிணம், 90 அச்சம். எண்ணை எடுப்பவர் வெறும் எண்ணைக் கூறி நிறுத்துவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாய் வரும் பொருள்களைக் கோத்து ஒரு கதையே கட்டிவிடுவார். காய்ந்த பயறுகளாலோ ஆரஞ்சுத் தோல் துண்டுகளாலோ எண்களை மூடிக்கொண்டு மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். ஆட்டத்தின் சுவையில் பெரும்பங்கு அழைப்பவர் நாவில் இருக்கிறது. சூதாட்டத்தை இவ்வண்ணம் சொல்லாட்டமாக மாற்றிய மக்கள்மீது நமக்கு மதிப்பு உண்டு.

பிரிட்டனில் இது படைவீரரின் விளையாட்டாக வளர்ந்தது. அங்கே அதன் பெயர் 'ஹவுஸ்'. சீட்டு முழுதும் நிறைந்தவர் அச்சொல்லைக் கூவ வேண்டும். பாசறைகளின் வழியாகவும் வெள்ளையர் மனமகிழ் மன்றங்களின் வழியாகவும் நம் நாட்டுக்கு வந்த ஹவுசியின் தாய் இதுவே. ஒன்பது என்ற எண்ணை 'மருத்துவர் கட்டளை' என்று அழைப்பார்கள். படை மருத்துவர்கள் எந்நோய்க்கும் கொடுத்த ஒன்பதாம் எண் பேதி மாத்திரையின் நினைவாம் அது. 88 இரண்டு பருத்த மாதர். 22 இரண்டு வாத்துகள். அவ்வெண் வந்ததும் கூடத்தார் வாத்துபோல் குரல் எழுப்புவதும் உண்டு. பத்தாம் எண்ணுக்குப் பிரதமர் பெயரைச் சேர்த்து அழைப்பர் என்பதால், ஆட்சி மாறும்போது பிங்கோவின் சொற்களஞ்சியமும் மாறும்.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 1961இல் நடைமுறைக்கு வந்தபின், வணிக முறையில் பிங்கோ நடத்த அந்நாட்டில் வழி பிறந்தது. தொலைக்காட்சியால் வெறுமையான திரையரங்குகள் பலவும் பிங்கோ கூடங்களாயின. சில ஆண்டுகளுக்கு முன் இலண்டன் வாழ் தமிழ்க் கத்தோலிக்கர்க்குத் தவக்காலத் தியானம் நடத்தச் சென்றிருந்தபோது, நம்மவர் மிகுதியாக வாழும் டூட்டிங் பகுதியில் அத்தகைய கூடமொன்றைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. 1931இல் கிரனடா திரையரங்காக எழுந்த கட்டடம் அது. உள்ளமைப்பை வகுத்தவர் நாடக இயக்குநர் தியோடர் கோமிசார்ஷெவ்ஸ்கி. கூர்மாட வளைவுகளும் தூண்களும் சுவரோவியங்களுமாக உட்புறம் ஒரு மறைமாவட்டப் பேராலயத்தை ஒத்திருக்கும். 1973இல் படம் காட்டுவது நின்றது. 1976இல் பிங்கோ புகுந்தது. 2000ஆம் ஆண்டில் முதல்தரப் பாதுகாப்புக்குரிய கட்டடமாக அறிவிக்கப்பட்டது. பிங்கோ நுழைந்திராவிடில் இடிபட்டிருக்கக்கூடிய கட்டடம் என்றே நாம் கருதுகிறோம். பலிபீடம் இருக்க வேண்டிய திசையில் எண்பலகை ஒளிர்வதைக் காண ஒரு குருவுக்குச் சற்றே கூச்சமாய்த்தான் இருந்தது. எனினும், எண் அழைக்கத் தொடங்கியதும் அக்கூடத்தில் விழுந்த அமைதியை நம் ஆலயங்களில் எழுந்தேற்ற வேளையில்கூட எப்போதும் கேட்டதாகச் சொல்ல இயலாது.

அந்த அமைதிக்குக் காரணம் சீட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. தொண்ணூறு எண் ஆட்டத்தின் சீட்டில் மூன்று வரிசைகள், ஒன்பது நிரல்கள். இருபத்தேழு கட்டங்களுள் பதினைந்தில் மட்டும் எண்கள், வரிசைக்கு ஐந்து. இத்தகைய சீட்டுகள் ஆறு சேர்ந்தது ஒரு தொகுப்பு. ஒன்று முதல் தொண்ணூறு வரை ஒவ்வோர் எண்ணும் அத்தொகுப்பில் ஒரே முறை வரும். ஆகவே தொகுப்பு முழுவதையும் வாங்கியவரிடம், அழைக்கப்படும் எந்த எண்ணும் இல்லாமற்போவதில்லை. ஒவ்வோர் அழைப்பும் அவரை நோக்கி வருகிறது. எங்கே இருக்கிறதென்று தேடி, தடித்த மைப்பேனாவால் அவர் அடித்தாக வேண்டும். முதலில் ஒரு வரிசைக்குப் பரிசு, அடுத்து இரு வரிசைக்கு, இறுதியாக முழுச் சீட்டுக்கு. நிறைந்தவர் அடுத்த எண் அழைக்கப்படுமுன் குரல் கொடுக்க வேண்டும். வாய் திறக்கத் தவறினால், சீட்டு நிறைந்திருந்தும் பரிசு கைநழுவிப் போகக்கூடும். தவறாகக் கூவிவிட்டாலோ கூடம் முழுதும் திரும்பிப் பார்க்கும்.

கேட்டல், தேடல், அடித்தல், கூவுதல் ஆகிய இந்நான்கும் ஆடுபவருடையவை. எந்த எண் வரும் என்பது மட்டுமே அவர் வசம் இல்லை. மேலும் குதிரைப் பந்தயம், சுழல்வட்டம் முதலியவற்றில் எல்லாரும் ஒருங்கே தோற்கலாம். பிங்கோவில் யாரோ ஒருவர் வென்றே தீர வேண்டும். அவர் யார் என்பதை அறையே அறியும். அவரைக் கண்டு பொறாமைப்படலாம், கைதட்டலாம், அடுத்த முறை பார்ப்போம் என்று பக்கத்திலிருப்பவரிடம் பேசலாம். கூடத்துக்குச் செல்வோரில் பெரும்பாலோர் உழைக்கும் குடும்பங்களின் பெண்கள் என்பதும், கணவரோ மைந்தரோ துணை வராமல் அவர்கள் தனியே சென்றுவரத் தக்க இரவிடமாக அது விளங்கியது என்பதும் நினைக்கத் தக்கவை. மதுக்கடை ஆண்களுடையதாயிருந்த ஊரில் பெண்களுக்குக் கிடைத்த கூடம் அது. இதனை எள்ளி நகைத்த அறிஞர்கள் அந்நாட்டில் பலர். 2014இல் அரசு பிங்கோ வரியை நூற்றுக்கு இருபதிலிருந்து பத்தாகக் குறைத்தபோது, ஆளுங்கட்சி வெளியிட்ட விளம்பரம் உழைக்கும் மக்களை 'அவர்கள்' என்று குறித்ததால் ஏளனத்துக்கு ஆளாயிற்று. நாமும் இவ்வெளிய மகிழ்ச்சிகளை மேட்டிலிருந்து பார்த்து எழுதிவிடக் கூடாதே என்ற அச்சம் இப்பத்திகளை எழுதும்போது இருந்துகொண்டே இருக்கிறது.

இதனால் கூடம் குற்றமற்றது என்றாகிவிடாது. முதன்மை ஆட்டங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் மேசையிலேயே காசு போட்டு ஆடும் விரைவாட்டங்கள் உண்டு. வாயிலருகே காசு விழுங்கும் சுழற்பொறிகள் வரிசையாய் நிற்கும். பிங்கோ வந்தோரை வரவேற்கும். பொறி அவர்தம் பையைத் தடவும். 2006, 2007ஆம் ஆண்டுகளில் பிரிட்டனின் பகுதிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் புகைத்தடை வந்தபோது, இடைவேளையில் புகைக்க வெளியே சென்றவர்கள் அந்தப் பொறிகளையும் விட்டுச் சென்றனர். அதன்பின் கூடங்கள் பல மூடப்பட்டன.

அமெரிக்க நாட்டு ஆட்டம் வேறு வகையினது. ஐந்துக்கு ஐந்து கட்டங்கள், நடுக்கட்டம் வெறுமை, ஒன்று முதல் எழுபத்தைந்து வரை எண்கள். கிடையாகவோ, நெடுகவோ, குறுக்காகவோ ஐந்து நிறைந்தால் வெற்றி. நட்சத்திரம், சிலுவை என்று வடிவங்களை அறிவித்து ஆடுவதும் உண்டு. 1929இல் எட்வின் லோ என்ற பொம்மை வணிகர் ஜார்ஜியா மாநிலத்துத் திருவிழாக் கூடாரமொன்றில், எண்களின்மீது பயறு வைத்து ஆடும் ஆட்டத்தைக் கண்டு நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார் என்பர். அடுத்து நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது நமக்கு நெருக்கமானது. பென்சில்வேனிய மாநிலத்து வில்க்ஸ்-பாரி நகரிலிருந்து கத்தோலிக்கக் குரு ஒருவர் அவரைத் தேடி வந்தார். தம் பங்கின் கடனைத் தீர்க்க இவ்விளையாட்டை நடத்தியதாகவும், சீட்டு வகைகள் குறைவாதலால் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலர் ஒரே நேரத்தில் வென்று பரிசுப் பணம் மிஞ்சாமற் போவதாகவும் முறையிட்டார். லோ, கொலம்பியா பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் கார்ல் லெஃப்லரை நாடி ஆறாயிரம் வெவ்வேறு சீட்டுகளை உருவாக்கச் செய்தாராம். பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்துப் பங்குகளின் பள்ளிகளும் கூரைகளும் ஆலய அடித்தளக் கூடங்களில் நடந்த பிங்கோவால் நின்றன. அன்று பல மாநிலங்களில் அது சட்டத்துக்குப் புறம்பானது. பங்குத்தந்தையர் நடத்தினர், காவலர் கண்டும் காணாதிருந்தனர், அரசியலார் கத்தோலிக்க வாக்குகளை எண்ணினர்.

இதனை நாம் எப்படி மதிப்பிடுவது? தற்செயலை நம்பி ஆடும் ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு மாறானவை அல்ல என்றும், தனக்கும் பிறர்க்கும் தேவையானதை ஒருவரிடமிருந்து பறிக்கும்போது அவை ஏற்கத் தகாதவை ஆகின்றன என்றும், ஆட்ட வெறி மனிதனை அடிமைப்படுத்தக்கூடும் என்றும் 1992ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூல் கூறுகிறது. புனித தோமா அக்குவினார், இன்னார்க்கு இன்னது என்று பங்கிட இடப்படும் திருவுளச் சீட்டை, இறைவனைச் சோதிக்கும் குறிகேட்டலிலிருந்து பிரித்துக் காட்டினார். அதன் முடிவைத் தற்செயலுக்கு விடுவதில் வீண்மை இருக்கலாமேயன்றி வேறு தீங்கில்லை என்பது அவர் கருத்து. விளையாட்டு ஆன்மாவின் ஓய்வு என்றும் ஏற்றுக்கொண்டவர் அவர். இவற்றையெல்லாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதினோம். ஆனால் சீட்டு விற்றுக் கூரை வேயும் பங்குத்தந்தைக்கு இவ்விலக்கணங்கள் மிக வசதியாக அமைந்துவிடுகின்றன என்பதே சிக்கல். ஆடுபவரின் மனநிலையை அவை ஆராய்கின்றன. ஆட்டத்தை நடத்துபவரின் தேவையை அந்த அளவுக்கு ஆராய்வதில்லை. வில்க்ஸ்-பாரிக் குருவின் முறையீட்டை மீண்டும் பாருங்கள். வெல்பவர் பலராய் இருந்தது அவருக்குக் குறையாகத் தோன்றிற்று.

பிங்கோவைப் பற்றி நாம் படித்தவற்றுள் இத்தேவையின் அடியாழத்தைத் தொட்டது ஒரு நாடகம். கனடா நாட்டுக் கிரீ இனத்தவரான டாம்சன் ஹைவே எழுதி 1986இல் டொரொண்டோவில் மேடையேறிய 'த ரெஸ் சிஸ்டர்ஸ்' அது. மானிட்டூலின் தீவில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் வாழும் ஏழு பெண்கள், உலகிலேயே மிகப் பெரிய பிங்கோ டொரொண்டோவில் நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்டுப் புறப்படுகிறார்கள். வென்றால் என்ன செய்வாய் என்பதற்கு ஒவ்வொருத்தியும் சொல்லும் விடையில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. ஒருத்திக்கு வேண்டியது நல்ல கழிப்பிடம். ஒருத்திக்குப் பெரிய அடுப்பு. ஊரின் மண்சாலையைச் செப்பனிட வேண்டும் என்கிறாள் இன்னொருத்தி. பதினான்கு பிள்ளைகள் பெற்ற, புற்றுநோய் முற்றிய மரியடேல் தன் குடும்பத்துக்கு ஒரு தீவு கேட்கிறாள். சாலையும் கழிப்பிடமும் ஒரு குடிமகளுக்கு அரசு தந்திருக்க வேண்டியவை. நீதி வந்திருக்க வேண்டிய இடத்தில் குலுக்கல் வந்து நிற்கிறது என்பதை ஆசிரியர் ஓரிடத்திலும் அறிவுரையாகச் சொல்வதில்லை. நாடகத்தின் நடுவே அவையோரும் தங்களிடமுள்ள சீட்டில் பிங்கோ ஆட வேண்டும். மேடையிலிருக்கும் ஏழையின் பேராசையைப் பார்க்க வந்தவர்கள், தங்கள் எண் வராதா என்று காதைத் தீட்டிக்கொள்கிறார்கள்! எண் அழைப்பவராகத் தோன்றுவது கிரீ, ஒஜிப்வே மரபுகளின் மாயத் தெய்வமான நனபுஷ். அவரோடு ஆடியபடியே மரியடேல் இவ்வுலகை விட்டுச் செல்கிறாள்.

இறுதிப்பகுதி சற்று அவசரமாய் முடிகிறதென்பது நம் கருத்து. ஆயினும் கூரைமேல் ஏறி ஆணி அடித்துக்கொண்டிருக்கும் பெண்ணோடு தொடங்கி அதே கூரையில் அவளோடு முடியும் அமைப்பு நம்மை வருத்தியது. கத்தோலிக்க உறைவிடப் பள்ளியில் சிறுவனாய்ச் சேர்க்கப்பட்டு வளர்ந்தவர் ஹைவே. அப்பள்ளிகளில் பழங்குடிக் குழந்தைகளுக்கு இழைக்கப்பட்ட தீமைகளுக்காக 2022இல் கனடா சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் மன்னிப்புக் கோரியதை வாசகர் அறிவர். அம்மக்களின் பிங்கோவைப் பற்றி ஒரு குரு எழுதுவதாயின் இதை விடுத்து எழுத முடியாது.

இனி இணையத்துக்கு வருவோம். அங்கும் தொண்ணூறு எண் ஆட்டம் உண்டு, எழுபத்தைந்து எண் ஆட்டமும் உண்டு. நான்குக்கு நான்கு கட்டங்களில் எண்பது எண் ஆட்டமும், மூன்றுக்கு மூன்று கட்டங்களில் முப்பது எண் விரைவாட்டமும் உண்டு. பெயரும் எண்ணும் பரிசு வரிசையும் மாறவில்லை. மாறியது வேறொன்று. கணினி நிரல் எண்ணைத் தெரிந்தெடுக்கிறது. சீட்டில் அதே நிரல் அடித்துக்கொள்கிறது. நிறைந்ததும் அதுவே கண்டு வெற்றியை அறிவித்துக் கணக்கில் பணத்தைச் சேர்த்துவிடுகிறது. முன்கூட்டியே சீட்டு வாங்கிவிட்டு ஆடுபவர் உறங்கினாலும் அவர் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும். வாய் திறவாதவர் பரிசிழப்பதில்லை என்பதால் இது நேர்மையானது என்றுகூட வாதிடலாம். நாம் மேலே எண்ணிய நான்கு செயல்களில் ஒன்றும் ஆடுபவரிடம் எஞ்சவில்லை. எஞ்சியது சீட்டுக்குப் பணம் கட்டுவது ஒன்றே. கையும் காதும் ஓய்ந்திருக்கும் அந்நேரத்தில், அதே திரையின் ஓரத்தில் சுழற்பொறி ஆட்டம் மினுக்கும். கூடத்தில் வாயிலருகே நின்ற பொறி இங்கே சீட்டின் அருகிலேயே வந்துவிட்டது.

உரையாடல் அறைகள் உண்டே, அங்கே ஆடுவோர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களே என்பர். உண்மைதான். வீட்டைவிட்டு வெளியேற முடியாத முதியோர்க்கும் நோயாளிக்கும் அது ஆறுதலாயிருப்பதை மறுக்கமாட்டோம். பிரிட்டனில் உரிமம் பெற்ற தளங்களுக்குக் கட்டுப்பாடுகளும் உள; 2020 ஏப்ரல் முதல் கடன் அட்டையால் அங்கே சூதாட முடியாது.

ஆயினும் இலண்டனில் நாம் சந்தித்த யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க மூதாட்டி ஒருவரை இங்கே குறிப்பிட வேண்டும். அவர் இசைவோடே எழுதுகிறோம்; பாவசங்கீர்த்தனத்தில் அன்று, அவர் வீட்டுச் சமையற்கட்டில் தேநீர் ஆற்றித் தந்தபடி சொன்னது இது. கணவர் இறந்தபின் செவ்வாய்தோறும் பக்கத்துக் கூடத்துக்குப் பிங்கோ ஆடச் செல்வாராம். ஆங்கிலேயக் கிழவியர் இருவர் அவருக்குத் தோழியர் ஆயினர். கொண்டுபோன காசு தீர்ந்ததும் பேருந்து ஏறி வந்துவிடுவார். அக்கூடம் மூடப்பட்டது. பேத்தி கைப்பேசியில் ஒரு செயலியை வைத்துக் கொடுத்தாள். உறக்கம் வராத இரவுகளில் ஆடினார். கணவரின் கல்லறைக்குக் கல் வைக்கச் சேர்த்திருந்த பணத்தில் பாதி போனது தெரிந்தபோது எட்டு மாதம் கழிந்திருந்தது. "அங்கை ஆரும் வெண்டா காதிலை கேக்கும், சுவாமி. எழும்பி வீட்டை போகவேணும் எண்டு விளங்கும். இதிலை ஒருத்தற்றை சத்தமும் இல்லை. நான் மட்டும் தோத்துக்கொண்டிருக்கிறன்" என்றார். அவரிடம் மறைக்கல்வி நூலின் பிரிவைச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, மகனிடம் இதைச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டோம். சொல்லவில்லை என்றார். பிறகு நாம் உடனிருக்கச் சொன்னார்.

இருப்பினும் இணையம் என்றாலே தீது என்று எழுதிவிட்டால் நம் கண்ணெதிரே நடந்ததை மறைத்தவராவோம். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் நம் பங்கின் குடும்பங்கள் பலவும் கைப்பேசியில் தம்போலா ஆடின. சீட்டு வாட்ஸ்அப்பில் வந்தது. காணொளியில் அத்தையோ மாமாவோ எண்ணைக் கூவினார். தாளில் அடித்தார்கள், முழுச் சீட்டு நிறைந்தவர் திரைக்குள்ளிருந்து கத்தினார். பரிசு என்று பெரிதாய் ஒன்றுமில்லை. கோவிட் நோயால் தகப்பனை இழந்து, இறுதிச் சடங்குக்கும் கூட முடியாமற்போன குடும்பம் ஒன்று, முப்பதாம் நாள் செபமாலை முடிந்ததும் அவர் பழக்கப்படுத்திய ஆட்டம் என்று அன்றிரவே ஆடியது. நாமும் ஒரு சீட்டு வைத்திருந்தோம். எண்ணைக் கூவிய மூத்த மகள், தகப்பனார் வழக்கமாகச் சொல்லும் வேடிக்கைப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆகவே கம்பியில் வருவதா, காற்றில் வருவதா என்பது நமக்குப் பொருட்டன்று. குரல் ஒரு மனிதருடையதா, மற்றொரு மனிதர் அதற்குக் காதுகொடுக்கிறாரா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று அன்று தோன்றியது.

பேரவையில் எழுந்த திட்டத்துக்கு முடிவு கட்டியவர் நாம் அல்லர். பேரவை உறுப்பினரான வழக்கறிஞர். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது, கோவில் நிதி என்றாலும் விலக்கில்லை என்று அவர் எடுத்துரைக்க, இளைஞர் அமர்ந்துவிட்டார். நமக்கு ஆறுதலாய் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. சட்டம் தடுத்தது செயலியை. நாம் நெடுங்காலமாக நடத்திவரும் தாள் ஹவுசியைப் பற்றி அன்று எவரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு முந்தைய திருவிழாவில் எண் கூவியவர் நாமே. முதற்பரிசு ஒரு மிக்சி. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகும் பெண்ணொருத்தி மூன்றாம் வரிசையில் தரையில் அமர்ந்திருந்தாள். அவள்முன் பத்துச் சீட்டுகள் விரிந்திருந்தன. சீட்டு ஐம்பது ரூபாய். அவளுடைய ஒருநாள் கூலியில் பெரும்பகுதி அங்கே கிடந்தது நமக்குத் தெரியும். ஒலிபெருக்கி நம் கையில் இருந்தது. எண்களுக்கு வேடிக்கைப் பெயர் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டே அடுத்த எண்ணை எடுத்தோம். அவளுக்கு ஒரு வரிசைகூட நிறையவில்லை. வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். கூடமும் குரலும் முகமும் எல்லாம் இருந்தும் இது நிகழ்ந்தது. ஆகவே நாம் இதுகாறும் கூடத்தைப் புகழ்ந்து எழுதியதை வாசகர் அந்த அளவுக்குக் குறைத்தே கொள்ள வேண்டும்.

இவ்வாண்டுத் திருவிழாவில் வீட்டுக்கு ஒரு சீட்டு என்று விலையின்றிக் கொடுத்தோம். பரிசுகளைக் கடைக்காரர் இருவர் தந்தனர். கூரைக்குத் தனியே உண்டியல் வைத்தோம். முன்னர் ஹவுசியில் சேர்ந்ததில் பாதியும் அதில் சேரவில்லை. மண்டபத்தின் வடபுறம் இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. காசில்லாமல் ஆட்டத்தில் சூடு இல்லை, ஃபாதர் என்று இளைஞர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையே. எண்பத்தெட்டு என்று கூவியபோது சிரித்தவர்களும் வழக்கத்தைவிடக் குறைவு. அந்தப் பெண் இம்முறை வந்திருந்தாள். ஒற்றைச் சீட்டைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு அவனுக்கு எண்களைக் காட்டிக்கொண்டிருந்தாள்.